காட்டுக் கிழங்கு கிரீம்

மெர்டேகா சுதந்திர தினத் தோரணங்கள் இன்னும் அவிழ்க்கப்படாத ஒரு காலையில், காஜா பெராங் பஸ் நிறுத்தத்தில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் சொன்னது இது:

"வெட்டி எடுத்ததைத் திரும்பவும் உள்ள விடவா நான் ஆஸ்பத்திரியில ஒரு மாசம் கெடந்தேன்?"

பக்கத்தில் நின்ற அவளுடைய நாத்தனார் கையில் சின்னக் கண்ணாடிப் புட்டி ஒன்று இருந்தது.

"உடம்பு நெருப்பா எரியுதுன்னு சொன்னீங்களே அண்ணி. இந்த ஹார்மோன் கிரீமைத் தடவினா அடங்கிடுமாம்."

"மாருல இருந்த புத்துக்கட்டிய வெட்டினாங்க. அதுக்குத் தீனி போடுறதே ஹார்மோன்தான்னு சொல்லி, வயித்தையும் கிழிச்சு முட்டைப்பை ரெண்டையும் டாக்டர் எடுத்துட்டாரு. எரியுறது அதனாலதான். நீ என்னடான்னா அதையே புட்டியில வாங்கிட்டு வந்து நிக்கிற!"

"இது இயற்கை அண்ணி. காட்டுக் கிழங்குல எடுத்தது. மருந்தே இல்லன்னு பாசார்ல கடை போட்டு விக்கிறவன் சத்தியம் பண்ணான்."

"மருந்தே இல்லன்னா எரிச்சல் எப்படி அடங்கும்? அடங்குதுன்னா அது மருந்துதானே?"

நாத்தனார் புட்டியை நீட்டினாள். "அதெல்லாம் ஒண்ணும் செய்யாது அண்ணி. தைரியமா பூசுங்க."

"அப்படியா? முதல்ல உங்கண்ணன் மூஞ்சியில தினமும் பூசு. ஒரு மாசம் கழிச்சு நான் பூசிக்கிறேன்."

"ஐயையோ, அண்ணன் ஆம்பளையாச்சே! அவருக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

பஸ் வந்து நின்றது. அம்மாள் படியில் ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆகும்னு தெரிஞ்சுதான் எனக்கு வாங்கிட்டு வந்தியா?"