கண் பிரிவுக்குப் பக்கத்து அறையிலிருந்து

அஞ்சி வந்தோரின் அடைக்கலமே! கண்ணீரோடு வந்தோர்க்குக் கைகொடுத்த கருணையே! இருபத்திரண்டு ஆண்டுகள் எச்.ஐ.வி. சிகிச்சைப் பிரிவின் ஆலோசகராய் அரும்பணி ஆற்றி, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் அம்மா!

போன வாரம் எழுதி முடித்த மடலில் இதுபோல இன்னும் பத்து வரி இருந்தது. இங்கே மருந்து கொடுக்கும் எனக்கு எதுகை மோனை என்றால் கொள்ளை ஆசை என்பது நீங்கள் அறிந்ததே. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதினேன். உங்கள் விருப்பப்படி கதவைச் சாத்திக்கொண்டு, நம் அறையில் வேலை பார்ப்போர் மட்டும் கேட்க வாசிக்கிறேன்.

பெருமைக்குரியவரே! முன்வாசலை ஒட்டிக் காற்றும் வெளிச்சமுமான அறையை மேலிடம் ஒதுக்கியபோது அதை வேண்டாமென்று மறுத்து, கண் பிரிவுக்குப் பக்கத்தில் கிடந்த இந்த இருட்டறையைக் கேட்டு வாங்கியவர் நீங்கள். வாசலில் மாட்ட வந்த பெயர்ப்பலகையை ஆணியோடு திருப்பி அனுப்பினீர்கள். இரண்டு பிரிவுக்கும் ஒரே பெஞ்சு. அதில் உட்கார்ந்திருப்பவரை யார் பார்த்துக் கேட்டாலும் "கண்ணு காட்ட வந்தேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். ஊரில் பாதிப் பேருக்குக் கண் கெட்டுப்போச்சா என்று கண் டாக்டர் கேலி செய்வார். "அவங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு டாக்டர். பாக்கிறவங்க கண்ணுதான் சரியில்ல" என்பீர்கள்.

பொறுமையின் உருவே! தொட்டால் தொற்றாது, தும்மினால் தொற்றாது, ஒரே தட்டில் உண்டாலும் ஒரே பாயில் குழந்தையைப் படுக்கவைத்தாலும் தொற்றாது என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பீர்கள்! கிருமி உடம்பில் இருப்பது வேறு, அது முற்றி எய்ட்ஸ் ஆவது வேறு. நாள் தவறாமல் மாத்திரை போட்டால் அதை அடக்கிவைக்கலாம். தாய்க்கு இருந்தாலும் பிள்ளைக்கு வராமல் தடுக்கலாம். சொன்னதையே சொல்லி உங்கள் தொண்டை கட்டியதுண்டு, குரல் உயர்ந்ததில்லை. பலனென்ன? பெரும்பாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு வெளியே போய்க் கை கழுவியவர்களைப் பார்த்திருக்கிறோம். அவர்களில் இந்த மருத்துவமனையில் சம்பளம் வாங்குகிறவர்களும் உண்டு.

எனக்கு நீங்கள் கற்றுக்கொடுத்தது பஞ்சு. மாத்திரைக் குப்பியை அப்படியே கொடுத்தால் பஸ்ஸில் பைக்குள் கலகலவென்று சத்தம் போடும், பக்கத்து சீட்டுக்காரர் என்ன மருந்து என்று கேட்பார். எனவே லேபிளைக் கிழித்து, மேலே பஞ்சு திணித்துக் கொடுக்கச் சொன்னீர்கள். படிப்பில் எனக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை.

தையல்காரப் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. இப்போது ஏழு மாதம். அவளுக்குக் கிருமி இருப்பது கணவனுக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது. மாதாமாதம் கூடவே வரும் அந்த அம்மாளுக்கு, மருமகள் கண் காட்ட வருகிறாள் என்றுதான் நினைப்பு. ஒருநாள் உங்கள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஊசியில நூல் கோக்கவே திணறுவா. இப்ப பளிச்சுனு தெரியுதாம். நீங்க நல்லா இருக்கணும் டாக்டரம்மா." நீங்கள் மறுக்கவில்லை. "பேரப்பிள்ளை வந்ததும் எனக்குக் காட்டணும்" என்று மட்டும் கேட்டீர்கள்.

இந்த அறைக்குள் இத்தனை காலம் இருந்தும் நாங்கள் என்ன கற்றோம்? உங்களுக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்து உங்களை மகிழ்விக்க நினைத்தோம். நம் பிரிவின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, கீழே உங்கள் சிரித்த முகத்தைப் பெரிதாகப் போட்டு, மருத்துவமனை வாசலில் பேனர் கட்டினோம். திங்கட்கிழமை, மருந்து வாங்கும் நாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எங்களுக்கு அதைவிட மோசமாய் முடிந்தது.

நடந்ததை வாசல் காவலாளி சொன்னார். மாமியார் பேனர் முன்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார். பிறகு படத்தைப் பார்த்திருக்கிறார்.

"இது நம்ம கண்ணு டாக்டரம்மா இல்ல?"

மருமகள் பேனரைப் பாராமல் நடையைக் கட்டப் பார்த்தாளாம்.

"உன்னத்தான் கேக்கிறேன்."

உள்ளே வராமலே திரும்பிவிட்டார்கள். மாமியார் முன்னால் விறுவிறுவென்று நடக்க, அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாளாம். அன்றைக்கு வாசல்வரை வந்து திரும்பியவர்கள் வேறு எத்தனை பேர் என்று எங்களுக்குத் தெரியாது.

நீங்கள் வந்து பார்த்தீர்கள். ஸ்டூல் போட்டு ஏறி, முடிச்சை நீங்களே அவிழ்த்தீர்கள். திட்டியிருக்கலாம் அம்மா.

இன்று வெள்ளி. அவளிடமிருந்த மாத்திரை தீர்ந்திருக்கும். போன் அணைந்தே கிடக்கிறது. வயிற்றிலிருப்பதற்குத் தொற்றாமல் இருக்க ஒருநாளும் விடக்கூடாது என்று சொல்லிச் சொல்லி அவளை ஏழு மாதம் கொண்டுவந்தீர்கள். போய்ப் பார்க்கலாமென்றால், அவள் நம்பும் ஒரே ஆள் நீங்கள். அவள் தெருவுக்குப் போகக் கூடாத ஒரே ஆளும் நீங்கள்தான். எந்தப் பலகை வேண்டாமென்று இத்தனை ஆண்டு பாடுபட்டீர்களோ, உங்கள் முகத்தையே அந்தப் பலகையாக்கிவிட்டோம். நாளை முதல் உங்கள் நாற்காலிக்கு ஆளில்லை, புது நியமனமும் கிடையாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. ஆறுதலாக ஒரு வரி எழுதத் தேடினோம், கிடைக்கவில்லை.

தாயினும் சாலப் பரிந்தவரே! நோய் நொடியின்றி நீங்கள் நெடுநாள் வாழவேண்டும். இது சம்பிரதாயத்துக்குச் சொல்வதல்ல, நீங்கள் இருக்கிற வரைக்கும் அவளுக்குப் போக ஓர் இடம் இருக்கிறது.

இந்த மடலைச் சட்டமிட்டுத் தரவில்லை. வாங்கிவைத்த கண்ணாடிச் சட்டத்தைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டோம். நாலாக மடித்து, மேலே ஒன்றும் எழுதாத உறையில் போட்டுத் தருகிறோம். சுவரில் மாட்டாதீர்கள், பீரோவில் துணிக்கடியில் வையுங்கள். என்றைக்காவது அவள் விசாரித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வரக்கூடும், கூட யாராவது வரவும் கூடும். வந்தால், அவள் குப்பி பஞ்சு வைத்தபடியே எங்களிடம் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கண் பிரிவுக்குப் பக்கத்து அறையில் பணிபுரிவோர்