விடுமுறை ஆட்டத்தின் வேகம் எது?

இசை நடத்தும் கோலைத் தூக்கினால் கூடத்து இருமலையும் அடக்கும் எங்கள் கோமானே! குழலையும் வில்லையும் குடும்பமாய்க் கூட்டிவைத்த குணாளரே! அபஸ்வரம் எழுந்தால் அக்கணமே ஆளைக் கண்டுபிடிக்கும் அன்பிற்குரிய மாஸ்டர் அவர்களே!

நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் துணைவியாரை, எங்கள் எல்லாருக்கும் அக்காவை, பக்கத்தில் உட்கார வையுங்கள். நீங்கள் ஓய்வு பெறும் நாளுக்கான பாராட்டு மடல் என்றுதான் கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறோம். உள்ளே இருப்பதோ ஒரு கதை. இன்று மத்தியானம் நடந்த கதை.

ஒழுகும் ஒத்திகை அறையில், வாளிக்குள் சொட்டிய மழைத்துளியையே தாளமாக்கிப் பாடம் நடத்திய பெருந்தகையே! காய்ச்சலோடு வந்த டிரம்பெட்காரரைத் தம் கோட்டைப் போர்த்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர் வாசிக்க வேண்டியதை வாயாலேயே ஊதிக் காட்டிய வள்ளலே! முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நீங்கள் ஆற்றிய பணியை அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் அடுக்கில் அடங்காத ஒன்று எங்கள் மண்டையைக் குடைகிறது.

ஆண்டுதோறும் விடுமுறைக் கொண்டாட்ட மாலையில், வந்தவர்கள் எழுந்து ஆடுவதற்காகக் கடைசியாக வாசிப்போமே, நீங்கள் எழுதிய அந்தச் சின்ன ஆட்ட இசை, அதுதான். தொடங்குவது சோகமான மைனர் சுருதியில், முடிவது மகிழ்ச்சியான மேஜரில். துயரம் எந்த இடத்தில் சிரிப்பாக மாறுகிறது என்பது வாசிக்கிற எங்களுக்கே பிடிபட்டதில்லை. நோட்ஸில் வேகம் எழுத வேண்டிய இடத்தையோ நீங்கள் வெறுமையாகவே விட்டுவிட்டீர்கள்.

உங்களுக்குப் பிறகு வரும் புதிய மாஸ்டர் கேட்டார்: "வேகம் என்ன, சுருதி என்ன, சந்தோஷமா சோகமா? மூணையும் தெளிவா சொல்லுங்க. இல்லேன்னா இந்த வருஷம் இதை எடுத்துடலாம்." அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எடுத்துவிடுவதா? இன்று மத்தியானம் உங்களுக்குத் தெரியாமல் ஒத்திகை அறையில் கூடி, வாசித்துப் பார்த்தே கண்டுபிடிப்பது என்று உட்கார்ந்தோம்.

"இது துள்ளுற பாட்டுங்க," என்றார் புல்லாங்குழல்காரம்மா.

"துள்ளுறதா? போன வருஷம் வில்லோட ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவுல நான் ஒரு தூக்கமே போட்டேன்," என்றார் செல்லோக்காரர்.

"நீங்க எந்தப் பாட்டுலதான் தூங்கல?" என்றார் டிரம்பெட்காரர்.

வாசித்தோம். புல்லாங்குழல் வீடு போய்ச் சேர்ந்து, கைகால் கழுவி உட்கார்ந்த பிறகும் செல்லோ பாதி வழியிலேயே நின்றது. ஆளுக்கு ஒரு வருஷத்து ஞாபகம், வருஷத்துக்கு ஒரு வேகம்! "போன வருஷம் மாஸ்டருக்கு வீட்ல சண்டையா இருக்கும், அதான் மெதுவாப் போச்சு," என்று வயலின்காரர் சொல்லி வாய் மூடவில்லை.

"எங்க வீட்ல சண்டைன்னு எந்தப் புண்ணியவான் சொன்னது?" என்று வாசலில் ஒரு குரல். நீங்கள் மறந்து விட்டுப்போன கோட்டை எடுக்க வந்த அக்கா! வயலின்காரர் வயலினுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார்.

விஷயத்தைச் சொன்னோம். அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கையைத் தூக்குறதுக்கு முன்னாடி ஹால் பக்கம் திரும்பி நிப்பாரே, கும்பிடு போடவா நிக்கிறாரு? ஆடறதுக்கு முதல்ல யார் எழுந்து வராங்களோ அவங்க காலைப் பாப்பாரு. போன வருஷம் கைத்தடி ஊனிக்கிட்டு ஒருத்தர் சம்சாரத்தோட வந்தாரு. அதுக்கு முந்தின வருஷம் சின்னப் பசங்க கூட்டம். அந்தக் காலுக்குத் தக்கனதான் பாட்டு. இத்தனை வருஷம் வாசிச்சீங்க, இதுகூடத் தெரியலையா?"

தெரியவில்லை, மாஸ்டர்! நீங்கள் கூடத்தைப் பார்த்த நேரமெல்லாம் நாங்கள் நோட்ஸைப் புரட்டிக்கொண்டும் மூக்கைத் துடைத்துக்கொண்டும் இருந்திருக்கிறோம்.

"நீங்க ஒரு தடவைகூட ஆடலியாக்கா?" என்று கேட்டார் புல்லாங்குழல்காரம்மா.

"யாரோட ஆடறது? என் ஆளு கையிலதான் குச்சி இருக்கே!" அக்கா சிரித்தார். சிரிப்புதானா என்பது இன்னும் எங்களுக்கு விளங்கவில்லை. கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே, மாஸ்டர், இந்த மடல் முடிந்ததும் அந்த ஆட்ட இசையை வாசிக்கப் போகிறோம். கோலை ஒளித்து வைத்துவிட்டோம், தேட வேண்டாம். எழுந்து அக்காவின் கையைப் பிடியுங்கள். அக்காவுக்கு முழங்கால் வலித்தால் மெல்ல வாசிப்போம். துள்ளினால் துரத்தி வருவோம். நீங்கள் நின்றுவிட்டால் பாட்டும் நின்றுவிடும். புதிய மாஸ்டர் முன்வரிசையில்தான் இருக்கிறார். எங்களை விட்டுவிட்டு உங்கள் கால்களைப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். வரும் விடுமுறைக்கு இந்தப் பாட்டு இருக்குமா இருக்காதா என்பது இனி உங்கள் நான்கு கால்களின் பொறுப்பு. சந்தோஷமா சோகமா என்று மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் போவது எங்களுக்கு எந்தச் சுருதி என்றே தெரியாமல்தான் நிற்கிறோம்.

உங்கள் வீட்டில் வலியறியாத முழங்கால்களும் வற்றாத சிரிப்பும் நிறையட்டும். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே உள்ளிருந்து பாட்டு கேட்கட்டும். நெடுங்காலம் நலமாய் இருங்கள் இருவரும். ஒருவர் கால் ஓய்ந்தால் மற்றவர் கால் காத்திருக்கட்டும்.

எழுந்திருங்கள், மாஸ்டர். வில்லைத் தூக்கிவிட்டோம்.

வேகம் தெரியாமல் காத்திருக்கும்,
உங்கள் இசைக்குழுவினர்