விலை குறைந்த போத்தலின் ருசி

மெத்ரோ ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவர் மடியில் இரண்டு விஸ்கிப் போத்தல்கள்.

“ஒருநாளும் குடிக்காத நான், நேற்று ரெண்டு போர்பன் விஸ்கி குடிச்சுப் பார்த்தன்,” என்றார் அவர்.

“என்னக்கா சொல்லுறியள்?”

“சம்பந்திக்குக் குடுக்க நல்லது ஒண்டை என்ர மனுசன்தான் தெரிஞ்செடுக்கிறதா இருந்தவர். ஒப்பரேசனுக்குப் பிறகு ஒரு சொட்டும் தொடக்கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். மனுசன் வாடிப்போச்சு. ‘நான் குடிச்சுச் சொல்லுறன், நீங்கள் கேளுங்கோ’ எண்டன்.”

“எப்பிடி இருந்தது?”

“ஒண்டு, வேற ஆக்கள் வடிச்சதை வாங்கித் தங்கட பேரை ஒட்டி விக்கிறது. விலை கூட. கறுவாப்பட்டை மாதிரி எரிஞ்சுது, உடனேயே இல்லாமப் போச்சு. மற்றது மூண்டு நாலு போர்பனைக் கலந்தது. விலை குறைவு. ஆனா மெல்ல வந்து, பனங்கட்டி மாதிரி நாக்கில நிண்டுது. நான் சொல்லச் சொல்ல இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.”

“பேந்து?”

“‘இவ்வளவு காலமும் நான் குடிச்சன், நீதானப்பா ருசிச்சிருக்கிறாய்’ எண்டார்.”

“அப்ப இது ரெண்டும்?”

“கலந்ததுதான். ஒண்டு சம்பந்திக்கு.”

“மற்றது?”

“நான் குடிச்சு அவருக்குச் சொல்ல.”