லைட்டு போடாத ஏட்டையா

— ஏட்டி நிர்மலா, விட்ராத... விட்ராதட்டி!

— விடல. சீட்டப் பிடிச்சுக்கிட்டுத்தான் வாரேன். முன்னால பாருங்க, என் மூஞ்சிய ஏன் பாக்குதிய?

— நீ பிடிச்சிருக்கியான்னு பாத்தேன்.

— பதினெட்டு வருசமா பிடிச்சிருக்கேன், இப்பவா விடப்போறேன்? மிதிங்க.

— மெதுவாப் பேசு. யாரு காதுலயாவது விழுந்துறப் போகுது.

— விழட்டும். ஏட்டையா பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு குத்தாலம் பூங்காவுல காத்து வாங்குதாருன்னு நினைப்பாவ.

— காத்து வாங்குதவன் லேடீஸ் சைக்கிள்லயா தொங்குவான்? அதுவும் முன்னால கூடை வச்சு...

— கூடைய இடிச்சிராதிய. எங்க அண்ணன் மக இசக்கிசெல்விக்கு பள்ளிக்கூடத்துல குடுத்த சைக்கிளு. செயினுக்கு எண்ணெய் போட்டுத் தாரேன்னு பொய் சொல்லி வாங்கிட்டு வந்திருக்கேன்.

— அய்யய்யோ... சாயுது, சாயுது!

— மிதிச்சாத்தான் சாயாது!

— மிதிச்சா ஓடுதுட்டி!

— ஓடுததுக்குத்தான் சைக்கிளு! சரி, சரி... கால ஊனுங்க. ஊனிட்டியளா? மூச்சு விடுங்க.

— நான் ஒண்ணு சொல்லுதேன்... ஞாயித்துக்கிழம காய்ச்சல்னு லீவு போட்டுரட்டா?

— போடுங்க. சாரல் விழாவுக்கு வந்த நூறு பிள்ளைய சைக்கிளோட நிக்கும். ‘இருட்டுல பத்திரமா ஓட்டுங்க’ன்னு சொல்லிக்குடுத்து முன்னால ஓட்டிட்டுப் போகவேண்டிய போலீஸ்காரர் வீட்டுல போர்த்திப் படுத்திருப்பாரு.

— ஸ்டேஷன்ல இத்தன பேரு இருக்கதுல என்னையப் போயி மாட்டி விட்டாவளே...

— யாரு மாட்டி விட்டா? அன்னைக்குக் காலைல ஸ்டேஷன்ல எல்லாரையும் நிப்பாட்டிப் பேசும்போது என்ன நடந்துச்சு? இன்னொரு தடவ சொல்லுங்க. எனக்குச் சிரிக்கணும்போல இருக்கு.

— சிரிப்பட்டி, சிரிப்ப... இன்ஸ்பெக்டர் சங்கரேஸ்வரி மேடம் ஏதோ படிச்சுக்கிட்டு இருந்தாவ. நான் கடைசி வரிசைல. சாரல் இப்படி அடிக்குதே, ஐந்தருவில தண்ணி கூடியிருக்குமான்னு யோசிச்சுக்கிட்டு நின்னேன். திடீர்னு ‘குற்றாலீஸ்வரன், உங்களுக்குத் தெரியும்லா?’ன்னாவ.

— நீங்க?

— ‘எஸ் மேடம்!’

— என்ன தெரியும்னு கேக்காமலே!

— இருபது வருச சர்வீஸ்ட்டி. மேல உள்ளவிய பேரச் சொல்லிக் கூப்பிட்டா வாய் தன்னால ‘எஸ்’னு சொல்லிரும். மூளைக்குத் தகவல் அப்புறந்தான் போகும். பக்கத்துல நின்ன சுடலைமணிகிட்ட, ‘ஏலே, எனக்கு என்னலே தெரியும்?’னேன். ‘சைக்கிள் ஓட்ட அண்ணாச்சி’ங்கான்.

— அப்பவே தெரியாதுன்னு சொல்லிருக்கலாம்லா?

— நாப்பத்தஞ்சு வயசுல, அத்தன பேரு முன்னாலயா? அந்த மேடம் வந்து மூணு மாசம் ஆகுது. அவிய பல்ல இன்னும் ஒருத்தனும் பாத்ததில்ல.

— சரி, ஏறுங்க. அதுக்கு முன்னால இந்த லைட்ட மாட்டிக்கிடுவோம்.

— வேண்டாம். லைட்டு போட்டா ஓட்டுதது யாருன்னு தெரிஞ்சுரும்.

— போடாட்டி எதுக்க வாரது யாருன்னு தெரியாது. பிள்ளையளுக்குச் சொல்ல எழுதி வச்சிருக்கியள்லா, சொல்லுங்க கேப்போம்.

— இருட்டுல சைக்கிள் ஓட்டும்போது முன்னால வெள்ள லைட்டு, பின்னால சிவப்பு லைட்டு...

— அப்புறம்?

— வளைவுல பெல்லு. இடது பக்கமா, பைய போகணும்...

— இதுல ஒண்ணாவது உங்ககிட்ட உண்டா?

— எனக்கு எதுக்கு? உள்ள ஆளே கிடையாது. வாட்ச்மேன் மைதீன் அண்ணாச்சிகூட வாசல்லதான் இருக்காரு.

— ஆளு கிடையாதா? அன்னா... கேக்குதா? செடிக்கு அந்தப் பக்கம், கடகடன்னு.

— அதுவா... நேத்தும் கேட்டுச்சு. எவனோ ஒருத்தன் சைக்கிள்ல லைட்டு இல்லாம சுத்துதான்.

— அவனும் இருட்டுல, நீங்களும் இருட்டுல. முட்டுனா யாரு எலும்பு போகும்? ஞாயித்துக்கிழம மானம் போனா போகட்டும். உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்? விளையாட்டுக்குச் சொல்லல, எனக்குப் பயமா இருக்கு.

— ...சரி. மாட்டு.

— திரும்புங்க. முதுகுல இதையும் ஒட்டிருதேன்.

— என்னதுட்டி?

— திருச்செந்தூருக்கு நடந்து போறவிய முதுகுல நீங்க ஒட்டி விடுவியள்லா, மின்னுத ஸ்டிக்கர். உங்க பையில மிச்சம் கெடந்துச்சு.

— நான் என்ன பாதயாத்திரையா போறேன்?

— அரோகரான்னு சொல்லிக்கிட்டே மிதிங்க. ம்... போங்க.

— பிடிச்சிருக்கியா?

— ம்.

— பிடிச்சிருக்கியாட்டி?

— ம்ம்ம்...

— சத்தம் ஏன் தூரத்துல இருந்து வருது? நிர்மலா? ...ஏ நிர்மலா!

— நான் விட்டு ரொம்ப நேரமாச்சு!

— அடிப்பாவி! ...ஏட்டி, ஓடுது! நான்தான் ஓட்டுதேன்! பாத்தியா?

— பாக்கேன், பாக்கேன்! உங்க முதுகு என்னமா மின்னுது!

— காத்து மூஞ்சில அடிக்குதுட்டி! எவ்ளோ சந்தோசமா இருக்கு! இதுக்கா இத்தன வருசம் பயந்தேன்?

— பேசாதிய, வளைவு வருது! பெல் அடிங்க!

— அடிக்கேன்... ஏ! ஏ! யாரது? நில்லு, நில்லு! நிர்மலா, பிரேக்கு எங்க?

— ரெண்டு கையாலயும் அமுக்குங்க!

— அமுக்குதேன்... அய்யய்யோ!

— ஏங்க? என்னங்க? விழுந்துட்டியளா? இன்னா வாரேன்...

— விழலட்டி. ஒரு முழந்தான் இருந்துச்சு. லைட்டு வெளிச்சத்துல தெரிஞ்சதால நின்னுட்டேன். ஏய், யாருய்யா நீ? ஹெல்மெட்டுக்குள்ள மூஞ்சிய மறைச்சுக்கிட்டு... லைட்டு எங்க? பெல்லு எங்க?

— நல்லாக் கேளுங்க!

— இருட்டுல சைக்கிள் ஓட்டும்போது முன்னால வெள்ள லைட்டு, பின்னால சிவப்பு லைட்டு! அறிவு வேண்டாமா? உன்ன மாதிரி ஆளுக்குத்தான் ஞாயித்துக்கிழம...

— குற்றாலீஸ்வரன்... கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.

— ...எஸ் மேடம்!

— ஆத்தி! இவியளா சங்கரேஸ்வரி மேடம்?

— சல்யூட் வேண்டாம், கைய எடுக்காதிய... எடுத்துட்டியளா? பாருங்க, சைக்கிள் விழுந்துட்டு.

— மன்னிச்சிருங்க மேடம். அறிவு கிறிவுன்னு...

— இருக்கட்டும், சரியாத்தான் கேட்டிய. உங்க லைட்டு இல்லாட்டி இப்ப ரெண்டு பேரும் தரையிலதான் கெடப்போம். ஆமா, முதுகுல என்ன மின்னுது?

— பாதயாத்திர ஸ்டிக்கர் மேடம். இவதான் ஒட்டிவிட்டா.

— இன்னொண்ணு இருக்காம்மா?

— இருக்கு மேடம். திரும்புங்க... ஆனா பிள்ளையளக் கூட்டிட்டுப் போறது இவியதான? நீங்க எதுக்கு மேடம் இந்த இருட்டுல...?

— முன்னால ரெண்டு பேரு போகணுமாம்மா. சிரிக்கக்கூடாது, என்ன... மீட்டிங்ல டிஎஸ்பி சார் என் பேரச் சொல்லி, ‘உங்களுக்குத் தெரியும்லா?’ன்னாரு. நானும் என்னன்னு கேக்காமலே ‘எஸ் சார்’னுட்டேன்.