சீக்கிரம் தேய்ந்த டிஸ்க்

கீரப்பாளையத்தில் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். பஸ் சிதம்பரத்தை நோக்கிக் கிளம்பியதுமே அந்தப் பெண் ஆரம்பித்தாள்.

“ஏங்க, மெக்கானிக்கிட்ட சண்ட போடாதீங்க. நம்ம காரு பிரேக் டிஸ்க் தேஞ்சதுக்கு உளுந்துதான் காரணம்.”

“போன வருஷந்தான் புதுசு போட்டது. நேத்து புள்ளைய வச்சிக்கிட்டு வரேன், பிரேக் அடிச்சா வண்டி நிக்கவே மாட்டேங்குது. இதுல உளுந்து எங்கேந்து வந்துச்சி?”

அவள் ஜன்னல் கம்பியை விட்டுவிட்டு மறுபடியும் பிடித்தாள்.

“நீங்க பஸ் ஏறி குடிகாடு கம்பெனிக்கு வேலைக்குப் போனதும் எங்கப்பா வந்து சாவிய வாங்கிக்குவாரு. உளுந்துச் செடிய ரோட்டுல பரப்பி, காய் வெடிக்கிறதுக்கு அது மேல கார முன்னயும் பின்னயும் ஓட்டுவாரு. ஒவ்வொரு தடவையும் பிரேக்கு. மண்ணு, தூசி எல்லாம் சக்கரத்துல பூந்துக்கிச்சி.”

“ஏன், ஊருல டிராக்டரே இல்லியா?”

“டிராக்டர் ஏறுனா உளுந்து ஒடைஞ்சி பருப்பாயிடுமாம். காரு வெயிட்டுதான் சரியா இருக்குதாம்.”

அவர் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு வெளியே பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பிக் கேட்டார்:

“சரி, அடிச்சி முடிச்சிட்டாரா?”

“இன்னும் பாதி கெடக்குது. வண்டி எப்ப வரும்னு காலையிலேந்து போன் மேல போன் பண்றாரு.”