கொழுந்துச் சாக்கில் ஒரு வெற்றிலைப் பை

நிரஞ்சலா: இப்பத் தேடாதீங்கன்னு சொல்றேன்ல... கணக்குப்பிள்ளை ஐயா இந்தப் பக்கந்தான் பாக்குறாரு.

பெரியாயி: எப்புடி புள்ள தேடாம இருக்குறது? காலையில தேத்தண்ணிக்குப் பொறகு ஒரு வாய் போட்டது. நாக்கு நமநமங்குது.

நிரஞ்சலா: கடைசியா வெத்தலப் பைய எங்க வச்சீங்க?

பெரியாயி: கூடையிலதான். தேயிலக் கொழுந்துக்கு மேல...

நிரஞ்சலா: அந்தக் கூடையிலருந்துதானே விஜயலெட்சுமியக்கா சாக்குல அள்ளிப் போட்டீங்க?

பெரியாயி: மெல்லப் பேசு! ஆமா... லெச்சுமி தண்ணி குடிக்கப் பீலிக்குப் போனா. அந்த நேரத்துல...

நிரஞ்சலா: ஐயோ! அப்ப பையும் சேர்ந்து போயிருச்சு!

பெரியாயி: சிரிக்காத.

நிரஞ்சலா: சிரிக்கலக்கா, அழுவுறேன். நானும் அவங்க சாக்குலதான் போட்டேன். ஆனா வெறும் கொழுந்து போட்டேன். நீங்க ஒரு வெத்தலக் கடையையே போட்டிருக்கீங்க!

பெரியாயி: பின்ன என்னா பண்றது? மழையில தண்ணி ஓடுற கான்ல வழுக்கி விழுந்து கை முறிஞ்சு ரெண்டு மாசம் வீட்டுல கெடந்தா. இன்னைக்குத்தான் மொத நாளு. பதினெட்டுக் கிலோ வரலன்னா கை இன்னும் சரியாகல, திரும்பிப் போன்னு தோட்டத்துத் தொரை சொல்லிப்புட்டாரு. அவளுக்கு வெரலு மடங்கவே மாட்டேங்குது.

நிரஞ்சலா: ஒரு வார்த்த அவங்ககிட்ட சொல்லிட்டுப் போட்டிருக்கலாம்...

பெரியாயி: சொன்னா வாங்குற ஆளா அவ? போன வருஷம் காச்சல்ல கெடந்தாளேன்னு கஞ்சி கொண்டு போனேன். எந்திரிச்சு எனக்கு ரொட்டி சுட்டுக் குடுத்து அனுப்புனா. காச்சலோட!

நிரஞ்சலா: ஆனா கொழுந்து நிறுக்குற மடுவத்துல அவங்க பேரக் கூப்புட்டுப் பதினெட்டுன்னு சொன்னப்ப, பாத்தீங்களா...

பெரியாயி: பாத்தேன் புள்ள. அந்தக் கையையே திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு நின்னா.

நிரஞ்சலா: சும்மா இருங்க... கணக்குப்பிள்ளை வாராரு.

தம்பையா: பெரியாயி! நிரஞ்சலா! கொஞ்சம் நில்லுங்க.

பெரியாயி: சொல்லுங்க ஐயா.

தம்பையா: எப்பவும் இருபத்தஞ்சுக்குக் கொறையாத பெரியாயிக்கு இன்னைக்குப் பத்தொன்பது. என்னா விசயம்?

பெரியாயி: இடுப்பு வலிங்க.

தம்பையா: நிரஞ்சலாவுக்கும் கொறஞ்சிருச்சே?

நிரஞ்சலா: எனக்குத் தலவலி ஐயா.

தம்பையா: ஓஹோ. கை முறிஞ்ச விஜயலெட்சுமி ஒருத்திதான் இன்னைக்குச் சொகமா இருக்கா போல.

நிரஞ்சலா: ரெண்டு மாசம் நல்லா ரெஸ்ட் எடுத்தாங்கள்ல...

தம்பையா: சரி. அப்ப இது யாருதுன்னு சொல்லுங்க பாப்பம். அவ சாக்கக் கொட்டுறப்ப உள்ள கெடந்துச்சு.

பெரியாயி: என்னாங்க அது?

நிரஞ்சலா: பை மாதிரி இருக்குங்க.

தம்பையா: பையேதான். வெத்தல, பாக்கு, சுண்ணாம்பு டப்பா.

நிரஞ்சலா: லெச்சுமியக்காதா இருக்கும்.

தம்பையா: அவ வெத்தலையத் தொட்டே நான் பாத்ததில்ல.

நிரஞ்சலா: கை வலிக்குப் புதுசாப் பழகியிருப்பாங்க...

தம்பையா: கை வலிக்கு வெத்தலையா! பெரியாயி, இது ஒன் பையா?

பெரியாயி: இல்லீங்க. நான் வெத்தலைய விட்டுட்டேன்.

தம்பையா: எப்ப?

பெரியாயி: இப்பத்தான்...

தம்பையா: வாய் செவந்து கெடக்கே?

நிரஞ்சலா: பீட்ரூட்டு ஐயா! பண்டாரவளச் சந்தையில வாங்குனது. நல்ல செவப்பு.

தம்பையா: காலங்காத்தால மலையில நின்னு பீட்ரூட்டுத் தின்னாளா? நல்லாருக்கு. யாருதும் இல்லன்னா கான்ல வீசிர்றேன்.

பெரியாயி: ஐயோ ஐயா, வேணாம்! ...பாவம், யாரோ தேடுவாங்கள்ல.

தம்பையா: அதுவும் சரிதான். பாக்கு வேற நல்ல பாக்கா இருக்கு. நானே ஒரு வாய் போட்டுக்குறேன்.

பெரியாயி: சுண்ணாம்பக் கொஞ்சமாத் தடவுங்க, அந்த டப்பா சுண்ணாம்புல வாய் வெந்துரும்...

நிரஞ்சலா: அக்கா!

தம்பையா: ம்... டப்பாவத் தொறக்கவே இல்ல, அதுக்குள்ள ஒனக்குத் தெரியுதே?

பெரியாயி: போதும் புள்ள, இனி முடியாது. ஐயா, அது எம் பைதான். லெச்சுமி சாக்குல கொழுந்து போட்டது நான்தான். இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு அரைநாள் பேரு போட்டு அரைச் சம்பளம் குடுங்க, ஒரு வாரம் வேலைய வேணா நிப்பாட்டுங்க. அவ பேர மட்டும் வெட்டிப்புடாதீங்க. நாங்க போட்டது அவளுக்குத் தெரியவே தெரியாது.

நிரஞ்சலா: நானும் போட்டேன் ஐயா. ரெண்டு மடி.

தம்பையா: ரெண்டு மடிதானா?

நிரஞ்சலா: ...மூணு.

தம்பையா: ரெண்டு பேரு சேர்ந்தும் ஒரு பொய்ய ஒழுங்காச் சொல்லத் தெரியல. இந்தா, பையப் புடி.

பெரியாயி: அப்ப... லெச்சுமிக்கு?

தம்பையா: பதினெட்டுன்னு பேனாவுல எழுதியாச்சு. வெட்டுனா தொரை ஏன் வெட்டுனேன்னு கேப்பாரு. நாளைக்கும் காலையில வேலை பிரிக்கிற பெரட்டுக்கு வரச் சொல்லு.

நிரஞ்சலா: நல்லாருப்பீங்க ஐயா! பாத்தீங்களாக்கா? கண்ண மூடிக்கிட்டுப் போட்டோம், சரியாப் பதினெட்டுல வந்து நிக்குது!

தம்பையா: ரொம்பப் பீத்திக்காத. அந்த வெத்தலப் பையையும் சேர்த்து நிறுத்துந்தான் பதினஞ்சு வந்துச்சு.

பெரியாயி: என்னாங்க ஐயா சொல்றீங்க? அப்ப மிச்சம் மூணு கிலோ... நீங்களா?

தம்பையா: மெல்லப் பேசு, அவ வாரா... அன்னைக்குக் கொட்டுற மழையில, அந்தக் கானச் சீக்கிரம் தாண்டு தாண்டுன்னு அவள வெரட்டுனது நான்தான், பெரியாயி.