கீழ்வீட்டு அழுக்கு

ஹலோ... ஹலோ, டெய்லர் ஆன்ட்டியா?... நான்தான், மேல்வீடு... ஆமா, அதே மேல்வீடுதான். வெச்சுடாதீங்க, வெச்சுடாதீங்க!... இல்ல, உங்க துணி மேல தண்ணி சொட்டல... இல்ல, நான் சண்டைக்குக் கூப்பிடல ஆன்ட்டி...

சரி, ஆன்ட்டி வேணாம். அக்கா. போதுமா? டெய்லரக்கா... ஆமா, ஆமா, எனக்கும் வயசாகுதுதான், ஒத்துக்கறேன்.

விஷயம் என்னன்னா... எனக்குக் கொஞ்சம் அழுக்கு வேணும்.

அழுக்குக்கா. அழுக்கு... குடிக்கல. பட்டப்பகல்ல எவன் குடிப்பான்?... அது நைட் ஷிப்ட் போன காலம். அப்போ எனக்குப் பகல்தான் ராத்திரி. அந்த வேலையத்தான் விட்டாச்சே, அதையும் விட்டாச்சு.

உங்க மீன் தொட்டியில பில்டர் ஓடுதுல்ல? அதுக்குள்ள ஒரு பஞ்சு இருக்கும்ல? கழுவாத பஞ்சு. அதுல பாதி கிழிச்சுக் குடுத்தாப் போதும்...

ஆமா. சாக்கடைன்னு சொன்னேன்... ஆமா, மாடிப்படியில நின்னுதான் சொன்னேன்... ஆமா, வீட்டுக்காரர் காதுல விழட்டும்னுதான் சொன்னேன். இப்போ வாபஸ் வாங்கிக்கறேன். அது சாக்கடை இல்ல. ஆஸ்பத்திரி.

கேளுங்க, கேளுங்க. எங்க அக்காவும் மாமாவும் வெளியூர் போயிருக்காங்கல்ல? போகும்போது, "வேலைவெட்டி இல்லாம என் சோபாவத் தேய்ச்சுக்கிட்டு இருக்க, நம்ம தொட்டி மீனையாவது பாத்துக்க. நான் வரும்போது ஒரு மீன் செத்திருந்தாலும் வேற இடம் பாத்துக்க"ன்னுட்டா... சிரிச்சுக்கிட்டே சொல்லல. சீரியசாத்தான் சொன்னா. இன்னிக்கு மத்தியானம் வந்துடுவா. மாமா கூடப் பாவம் பாப்பாரு, அவ பாக்க மாட்டா.

இல்ல, இன்னும் எதுவும் சாகல! எல்லாம் மேல வந்து தொங்குது. தண்ணி பால் மாதிரி கெடக்கு. பெருசு ஒண்ணு இருக்கு, மேனேஜர்... நான் வெச்ச பேருதான். எங்க பழைய மேனேஜர் மாதிரியே கன்னம் உப்பிப்போய், ஒரு வேலையும் செய்யாம சுத்தி சுத்தி வரும். அது மூக்க வெளிய நீட்டிக்கிட்டு வாயத் தொறந்து தொறந்து மூடுது... பசின்னு நெனச்சேன். சாப்பாடு போட்டேன். அப்பவும் வாயத் தொறந்துச்சு. இன்னும் போட்டேன்... எவ்வளவுன்னா... டப்பா காலி.

திட்டுங்க. திட்டுங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், கொஞ்சம் மெதுவாத் திட்டுங்க, மீன் மிரளுது.

மூச்சுக்கா? பசி இல்லையா அது?... அடக் கடவுளே. மூச்சு முட்டுறவன் வாயில சோத்த அள்ளி அள்ளிப் போட்டிருக்கேன்.

ம்... ம்... தொட்டியக் கழுவினேன்... பில்டரையும்தான்... தண்ணியிலதான்... வெறும் தண்ணின்னு சொல்ல முடியாது... சோப்பு. பாத்திரம் விளக்கற சோப்பு... ஹலோ? ஹலோ, இருக்கீங்களா?... அந்தப் பஞ்சு பழுப்பா, கொழகொழன்னு இருந்துச்சுக்கா. தொட்டாலே வாந்தி வரும். நான் அதத் தேய்ச்சு வெள்ளவெளேர்னு ஆக்கினேன். போட்டோ கூட எடுத்து வெச்சேன்... தொட்டிக்குள்ள கெடந்த கல்லையும் கொதிக்க வெச்சேன்... ரெண்டு நாள்ல தண்ணி கலங்கிப்போச்சு. அழுக்கு சரியாப் போகலன்னு மறுபடி எல்லாத்தையும் தேய்ச்சேன்... தூக்கம் வரலன்னா நான் எதையாவது தேய்ப்பேன். வேலை போனதுலேருந்து அப்படித்தான். குக்கர், ஜன்னல் கம்பி, எல்லாம் பளபளங்குது, வந்து பாருங்க.

கடைக்காரன் போன்லயே சொல்லிட்டான், நல்லா ஓடுற தொட்டியிலேருந்து பழைய பஞ்சு வாங்கிப் போடுன்னு. ஏன்னு கேக்கறதுக்குள்ள வெச்சுட்டான். நீங்களாவது சொல்லுங்க...

அந்தக் கொழகொழப்புல உயிர் இருக்கா?... கண்ணுக்குத் தெரியாதா?... மீனோட கழிவ அதுங்க தின்னுடுமா? அப்போதான் தண்ணி விஷமாகாதா?... ஆமா... ஆமா... அப்போ அதுங்கதான் ராப்பகலா வேலை பாத்துக்கிட்டு இருந்திருக்கு. நான் மொத்த ஸ்டாஃபையும் சோப்புப் போட்டு அனுப்பிட்டு, மேனேஜர மட்டும் உக்கார வெச்சிருக்கேன்.

இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க கம்பெனிலயும் எங்கள இப்படித்தான் அனுப்பினானுங்க. அப்போ எனக்குக் கோவம் வந்துச்சு. அதான் யோசிச்சேன்... இல்லக்கா, அழல. வெங்காயமும் உரிக்கல. நீங்க சொல்லுங்க.

சரி. மிச்ச சாப்பாட்ட வலைல அள்ளணும்... அள்ளியாச்சு. சோப்புப் பஞ்சத் தூக்கிப் போடணும்... போட்டாச்சு. பாதித் தண்ணிய எடுக்கணும். இருங்க... எடுக்கறேன்... எடுத்துக்கிட்டே இருக்கேன்... ஐயோ!... ஒண்ணும் இல்ல, கால்ல கொட்டிக்கிட்டேன்... உங்க துணி மேல விழாதுக்கா, இது ஹால்!

குழாத் தண்ணி வேணாமா? குளோரின். சரி, டிரம்ல நேத்து பிடிச்சு வெச்சது இருக்கு. அது போதும்ல?... உசரத்துலேருந்து ஊத்தணுமா? அப்போதான் காத்து சேருமா?... ஸ்டூல் மேல ஏறி நிக்கறேன். டீ ஆத்துற மாதிரி ஊத்தறேன். மேனேஜர் என்னை ஒரு மாதிரி பாக்குது.

பஞ்சு எப்போ தருவீங்க? நான் கீழ வந்தா ஊத்தறத யாரு பாக்கறது? பால்கனிக்கு வாங்க, துணிக்கயிறுல பக்கெட்டக் கட்டி இறக்கறேன்... என்ன?... இங்கேருந்தே சொல்லணுமா?... எல்லாருக்கும் கேக்கற மாதிரியா?... அக்கா, எதிர்வீட்டுல குடும்பமே நிக்குது. மீன் கஷ்டப்படுற நேரத்துல இதெல்லாம்... சரி. சரி, வர்றேன்.

இவங்க தொட்டி சாக்கடை இல்ல! நல்ல தொட்டி! நான்தான் தெரியாம பேசிட்டேன்!

போதுமா?... இன்னொரு தடவையா? எதிர்வீட்டுல சரியாக் கேக்கலன்னு சொன்னாங்களா? கைதட்டறாங்கக்கா அவங்க!

கட்டிட்டீங்களா?... இழுக்கறேன்... வந்துடுச்சு. யப்பா, என்ன வாசனை... இல்ல, நல்ல வாசனைன்னுதான் சொன்னேன். இத லேசா ஒரு தடவ அலசிட்டு... சரி சரி, கத்தாதீங்க! பழக்க தோஷம். அப்படியே வெக்கறேன். வெச்சாச்சு. மோட்டர் ஓடுது.

என்ன?... எங்க?... நம்ம கேட்டுலயா? டாக்ஸியா?... மாமா பெட்டி இறக்கறாரா? அதுக்குள்ளயா!

அக்கா, தெய்வமே, ஒரு பத்து நிமிஷம் அவள வாசல்லயே நிறுத்துங்க. தண்ணி இன்னும் தெளியல, ஹால் முழுக்க ஈரம்... என்ன பேசறதா? என்னைப் பத்திக் குறை சொல்லுங்க. அதுக்குன்னா அவ எவ்வளவு நேரம்னாலும் நிப்பா... சந்தோஷமா ஓடறீங்களே!

ஹலோ?... போன வெக்காமலே போயிட்டாங்க. கேக்குது. ஆரம்பிச்சுட்டாங்க... ம், தண்ணி சொட்டினது, அது உண்மை... பாட்டு சத்தம், அதுவும் உண்மை... படியில செருப்பப் போட்டதா? அது மாமா... அதுவும் மாமாதான். அவரு பக்கத்துலயே நின்னுக்கிட்டு வாயத் தொறக்க மாட்டேங்கறாரு பாரு...

டேய் மேனேஜர், கீழ போடா. போ... போயிடுச்சு! அடில போய்க் கல்லக் கொத்துது! சின்னதுங்களும் கீழ இறங்குது. போதும்க்கா, நிறுத்தலாம்... ஹலோ, நிறுத்தலாம்... அது எப்போ நடந்துச்சு? நான் எப்போ தண்ணித் தொட்டியில குளிச்சேன்? ஐயோ, நிஜமாவே துரத்திடுவா! டெய்லரக்கா! மீன் பொழச்சுடுச்சு! போதும்! மீன் பொழச்சுடுச்சு!

ஹலோ... டெய்லரக்கா?

...நீயா.

வந்துட்டியாக்கா? பிரயாணம் எல்லாம் சௌகரியமா?... ம்... ஆமா, நான்தான் கத்தினேன்... நல்லா இருக்கு, எல்லா மீனும் நல்லா இருக்கு, எண்ணிப் பாத்துக்க... எதுலேருந்து பொழச்சுதா?

ஹலோ?... ஹலோ?... என்னக்கா சொல்ற, சரியாவே கேக்கல. நீ ரொம்ப தூரத்துல இருக்க போலருக்கு. வெச்சுடறேன்.